சைக்கிளோகிராஸ் சைக்கிளுக்கு மலிவாகச் சக்கரம் மாற்றுவோர் கவனிக்க

சேறும் மணலும் நிறைந்த பாதையில் நடக்கும் பந்தயமான சைக்கிளோகிராஸில் ஓட்டி ஓட்டிச் சக்கரம் தேய்ந்தவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்தால், போனில் இரண்டு மூன்று விளம்பரங்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்கள். எல்லா விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது எடைதான். அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, இப்போது இருக்கிற சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள் என்பேன். எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை அந்தப் பழைய சக்கரமே சொல்லிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பிடிக்கும் இடம். ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மையே பிடிக்கும் பிரேக்) வைத்த சைக்கிளாக இருந்தால் ரிம்மின் பக்கச் சுவரில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவுங்கள். நடுவில் குழி விழுந்தது போலத் தட்டுப்படும். சேற்றில் இருக்கும் மணல் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அலுமினியத்தை அராவி எடுக்கிறது. தார்ச் சாலையில் பல வருடம் தாங்கும் ரிம் இங்கே சீக்கிரமே மெலிந்துவிடும். பல ரிம்களில் தேய்மானம் காட்டும் சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்த ரிம், டயரின் காற்றழுத்தம் தாங்காமல் பக்கவாட்டில் பிளக்கலாம். அதுவும் பெரும்பாலும் பிரேக் பிடிக்கிற நேரத்தில்தான். பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இதிலேயே செலவைக் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. ரிம் மட்டும் போய், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) சொரசொரப்பில்லாமல் சுற்றுகிறது என்றால் முழு சக்கரம் வாங்கத் தேவையில்லை. அதே துளை எண்ணிக்கையும், ஸ்போக் (சக்கரக் கம்பி) நீளத்தைத் தீர்மானிக்கும் அதே விட்டமும் (ஈஆர்டி என்று குறிப்பிடுவார்கள்) உள்ள ரிம் கிடைத்தால், கம்பிகள் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில் அவற்றையே மாற்றிக் கோக்கலாம். அந்த அளவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறினாலே பழைய கம்பி நீளம் ஒத்துவராமல் போகலாம்.

முழு சக்கரம்தான் வாங்க வேண்டும் என்றால் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 700சி, அதாவது டயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர் என்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சிக்கல் அச்சில் வருகிறது. ரிம் பிரேக் சைக்கிளில் பின் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். டிஸ்க் பிரேக்கின் (ஹப்பில் மாட்டிய தட்டைப் பிடிக்கும் பிரேக்) ஆரம்ப காலச் சட்டங்களில் (ஃபிரேம்) 135. பிறகு வந்த த்ரூ ஆக்சில் (ஹப்பை ஊடுருவிச் சட்டத்தில் திருகும் அச்சு) சட்டங்களில் 142. முன்பக்க அகலம் 100 தான், ஆனால் அச்சின் பருமன் 9, 12, 15 என்று மாறும். சைக்கிளோகிராஸ் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கைச் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ அனுமதித்தது 2010-இல். அதற்குப் பிந்திய சில வருடங்களில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு அளவில் போட்டார்கள், அதனால் அந்தக் காலத்துச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரு பக்கமும் மூடியை மாற்றினால் வேறு அச்சுக்கும் ஒத்துப்போகும் ஹப் கிடைத்தால் அதையே எடுங்கள். நாளைக்குச் சைக்கிளின் சட்டத்தை மாற்றினாலும் சக்கரம் வீணாகாது.

டிஸ்க் ஆறு போல்ட்டில் மாட்டுவதா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லாக்கா என்று பாருங்கள். சென்டர்லாக் ஹப்பில் அடாப்டர் போட்டு ஆறு போல்ட் டிஸ்க்கை மாட்டலாம். ஆறு போல்ட் ஹப் வாங்கிவிட்டால் அந்த வசதி இல்லை. கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) மாட்டும் ஃப்ரீஹப்பையும் விட்டுவிடாதீர்கள். ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் பழையதைவிட 1.85 மில்லிமீட்டர் நீளம். அதில் 10 ஸ்பீடு கேசட் போட, இடைவெளியை நிரப்பும் வளையம் வைத்தால் போதும்.

அப்புறம் ரிம்மின் உள் அகலம். பந்தய விதிப்படி டயர் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு 19 முதல் 23 வரை உள்ள ரிம் நன்றாக ஒத்துவரும். ரிம் அகலமாக ஆக டயரும் விரியும் என்பதால், 33 என்று அச்சிட்ட டயர் அகல ரிம்மில் 34-ஐத் தொட்டுவிடலாம். சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே சேறு விழ இடமும் குறையும்.

டியூப்லெஸ்ஸுக்கென்றே (உள்ளே டியூப் இல்லாமல் ஓடும் டயர்) செய்த ரிம் எடுப்பதுதான் என் சிபாரிசு. சேற்றில் பிடிமானம் வேண்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டும்போது டியூப் கல்லில் நசுங்கிப் பஞ்சராகும். சாதாரண ரிம்மில் டேப் ஒட்டிச் சமாளித்தால், திருப்பத்தில் டயர் ஓரம் விலகிக் காற்று சட்டென்று வெளியேறலாம். டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம், அதாவது ஹுக்லெஸ், மலிவாகக் கிடைத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட டயரை மட்டுமே போட வேண்டும், காற்றழுத்தம் எந்த நிலையிலும் 5 பாருக்கு மேல் போகக் கூடாது. சேற்றில் ஓட்டும்போது இது பிரச்சினையே இல்லை. அதே சக்கரத்தில் மெல்லிய சாலை டயரை மாட்டி அழுத்திக் காற்றடிக்கும்போதுதான் டயர் கழன்று ஆபத்தாகிறது.

சரி, பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? எடையில் பிடியுங்கள். ஜோடி 1,800, 1,900 கிராம் இருக்கும் அலுமினியச் சக்கரம் இந்த ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். ஹப்பில் மட்டும் கைவைக்காதீர்கள். பேரிங்கின் ஓரத்தில் 6902 போன்ற பொது எண் இருந்தால் எங்கேயும் மாற்று வாங்கலாம். கம்பி வளைந்த தலையுள்ள சாதாரண வகையாக, 28 அல்லது 32 எண்ணிக்கையில், பித்தளை நிப்பிளோடு (கம்பியை ரிம்மில் இறுக்கும் மறை) இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் சேறும் ஈரமும் பட்டு அரித்து இறுகிவிடும். கோட்டம் எடுக்கப் போனால் திரும்பாமல் உடையும். ஒரு கம்பி அறுந்தால் அந்த நிறுவனத்திடம் மட்டுமே வாங்க முடியும் என்றால் அந்தச் சக்கரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மலிவுச் சக்கரங்கள் பெரும்பாலும் இயந்திரத்தில் கோத்தவை. பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையாக விரலால் மீட்டிப் பாருங்கள். பின் சக்கரத்தில் செயின் பக்கம் மற்றப் பக்கத்தைவிட இறுக்கமாகத்தான் இருக்கும், ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டாம். ஒரே பக்கத்தில் ஒன்று கணீரென்றும் அடுத்தது தொளதொளவென்றும் ஒலித்தால், ஓட்டுவதற்கு முன்பே இழுவையைச் சமப்படுத்தக் கொடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே மலிவுச் சக்கரத்தின் ஆயுள் கூடிவிடுகிறது. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்பதும் அவசியம்.

பழைய ரிம் தேயாமல் இருந்தால் அந்த ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள், பந்தய நாளில் மாற்றுச் சக்கரமாகும். இரண்டு ஜோடியும் ஆறு போல்ட் டிஸ்க் என்றால், மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். டிஸ்க் உள்தள்ளி உட்காரும் ஜோடியில் அதன் அடியில் ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையத்தை வைத்துவிட்டால், இரண்டும் உரசாமல் ஓடும்.