சட்டம் வந்துடுச்சாமே சார்?

"பொண்ணுக்குக் கல்யாண வயசு 21 ஆயிடுச்சாமே, அதுக்குள்ள முடிச்சிடலாம்னு..." என்று இழுத்தபடி பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். பெண்ணுக்குப் பதினேழரை வயது. மண்டபம் பேசி, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. வக்கீல் ஞாபகம் அதற்கப்புறம்தான் வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய பேச்சு இது, இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மத்தியச் சட்டப்படி பெண்ணின் திருமண வயது இன்றும் 18தான். அதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பர் 21 அன்று மக்களவையில் தாக்கலானது. மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுவுக்குப் போனது, அங்கேயே கிடந்தது. 2024 ஜூனில் 17ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியும் ஆகிவிட்டது. சட்டமாகியிருந்தால்கூட, ஒப்புதல் கிடைத்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் வயது மாறும் என்று மசோதாவிலேயே எழுதியிருந்தது. வாட்ஸ்அப்பில் அதை அனுப்பியவர்களில் ஒருவராவது படித்திருப்பாரா? இல்லாத சட்டத்துக்குப் பயந்து, இருக்கிற சட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். 18 நிரம்பாத பெண்ணைக் கட்டிக்கொள்ளும் மாப்பிள்ளைக்கு 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நடத்திவைத்தவரும் பெற்றோரும் தப்ப முடியாது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தால் அது தனிக் கதை.

"புதிய சட்டம் தாக்கல்" என்று தலைப்புப் போடுகிறவர்களிடமிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. சட்டத்தை யாரும் தாக்கல் செய்வதில்லை, தாக்கலாவது மசோதா. அச்சகத்திலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கல்யாணத்துக்குப் போவார்களா? மசோதாவை நம்பி முடிவெடுப்பதும் அப்படித்தான்.

மக்களவையில் 543 பேர், மாநிலங்களவையில் 245 பேர், அதோடு குடியரசுத் தலைவர். இவர்கள் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம் என்பது பள்ளிக்கூடப் பாடம், விளக்கப் போவதில்லை. வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மட்டும் மாநிலங்களவையால் தடுக்க முடியாது, 14 நாளுக்குள் பரிந்துரை சொல்லலாம், அவ்வளவுதான். மற்றபடி ஒரு சபை தாண்டியதுமே கொண்டாட ஆரம்பித்துவிடாதீர்கள். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒரு சபையைத் தாண்டுவதே அபூர்வம், செய்தியும் பெரிதாக வந்தது. மக்களவையில் நிறைவேறவில்லை. 2019இல் வந்தது அரசே கொண்டுவந்த வேறொரு சட்டம். அந்த 2015 மசோதாவைக் காட்டி மனுப் போட்டால் எந்த நீதிமன்றமும் ஏற்காது.

சபையில் மசோதா எப்படி நகர்கிறது என்று ஒருமுறை சன்சத் டிவியில் பாருங்கள். பொது விவாதம் முடிந்ததும் பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு. "2ஆவது பிரிவு மசோதாவின் பகுதியாக இருக்கட்டும் என்பதே கேள்வி" என்பார் சபாநாயகர். ஆம் என்று ஒரு பக்கம், இல்லை என்று ஒரு பக்கம் குரல். யாராவது 'டிவிஷன்' கேட்டால் எண்ணிக்கை, இல்லாவிட்டால் குரலோடு சரி. திருத்தம் கொடுத்தவர் எழுந்து அதை முன்மொழியாவிட்டால் திருத்தம் அங்கேயே போய்விடும். இப்படி 2, 3, 4 என்று கடைசிவரை போய், முடிவில்தான் 1ஆவது பிரிவுக்குத் திரும்பி வருவார்கள். சட்டத்தின் பெயரும், எங்கே எப்போது செல்லும் என்பதும் இருப்பது அந்த 1ஆவது பிரிவில்தான். சபையில் அதைக் கடைசியில் எடுப்பார்கள், வெளியில் யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை.

"மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியில் இந்தச் சட்டம் அமலுக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதிகள் குறிக்கலாம்." அந்தப் பிரிவில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இந்த வரி இருந்தால், குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகும் சட்டம் தூங்கிக்கொண்டிருக்கலாம். தேதி பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், மத்தியச் சட்டங்களுக்கெல்லாம் பொதுவான 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் 5ஆவது பிரிவுப்படி ஒப்புதல் நாளிலேயே அமல்.

தூக்கம் எவ்வளவு நீளும்? நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஊதியம் பற்றியது 2019 ஆகஸ்டிலும், மற்ற மூன்றும் 2020 செப்டம்பரிலும் ஒப்புதல் பெற்றன. ஒருசில பிரிவுகள் போக, அமலாக்க அறிவிப்பு 2025 நவம்பர் 21 அன்றுதான் வந்தது. இடையில் ஒவ்வொரு ஏப்ரலிலும் "அடுத்த மாதம் முதல் கைக்கு வரும் சம்பளம் குறையும்" என்று பீதி கிளப்பினார்கள். டெல்லி வாடகைச் சட்டம் 1995இல் ஒப்புதல் பெற்றும் அமலுக்கு வரவே இல்லை. ஆலோசனைக் குழுவின் கருத்து இல்லாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைக்கும் ஷரத்து 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. அது இருக்கும் 3ஆவது பிரிவுக்கு மட்டும் தேதி குறிக்கவே இல்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள்கூட இதில் வழுக்குவார்கள்.

லாரி, வேன் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். விபத்தில் ஒருவர் இறந்து, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை சிறை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) சொல்கிறது. 2024 ஜனவரியில் லாரிகள் நின்றது இதற்காகத்தான். ஜூலை 1 முதல் சன்ஹிதா அமல் என்று 2024 பிப்ரவரி 23 அன்று வந்த அறிவிக்கை, இந்த ஒரு உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டது. அதற்காக ஓடிவிடலாம் என்று அர்த்தமில்லை. அலட்சியத்தால் சாவு நேர்ந்தால் 106(1) இருக்கிறது, 5 ஆண்டு வரை.

தேதி தவறினால் பணமும் போகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் பெற்றது, பெரும்பகுதி 2020 ஜூலை 20 அன்றுதான் அமலானது. மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் 1 கோடி வரை வழக்குப் போடலாம் என்று அப்போது வந்த செய்தியை நம்பி, இடைப்பட்ட மாதங்களில் 40 லட்ச ரூபாய் வழக்கை அங்கே கொண்டுபோயிருந்தால் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள். அப்போது பழைய வரம்பான 20 லட்சமே செல்லுபடியானது.

நாடாளுமன்றம் நிறைவேற்றும் முன்பே செல்லும் விதிவிலக்கு இரண்டு உண்டு. பட்ஜெட் அன்று நிதி மசோதாவில் அதற்கான அறிவிப்போடு வரும் சுங்கவரி மாற்றம் நள்ளிரவிலிருந்தே வசூலாகும். 75 நாளுக்குள் சட்டமாகாவிட்டால் செல்லாது. அவசரச் சட்டமும் பிறப்பித்ததுமே செல்லும். நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் அதைச் சட்டமாக்காவிட்டால் போய்விடும்.

ஆகவே தயவுசெய்து, ஃபார்வர்ட் வந்தால் முதலில் ஆக்ட் எண்ணைக் கேளுங்கள். "2023ஆம் ஆண்டின் 45ஆவது சட்டம்" என்பதுபோல் எண் இருந்தால் ஒப்புதல் கிடைத்த சட்டம், இல்லாவிட்டால் அது மசோதா. மின்-அரசிதழ் தளம் இலவசம். பகுதி 2இல் பிரிவு 1 சட்டங்களுக்கு, பிரிவு 2 மசோதாக்களுக்கு, பிரிவு 3 அமலாக்க அறிவிக்கைகளுக்கும் விதிகளுக்கும். எந்தப் பிரிவில் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். விதிகள் வந்தனவா என்றும் பாருங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்றே அமல், ஆனால் விண்ணப்பிக்கும் வழிமுறை சொன்ன விதிகள் 2024 மார்ச் 11 அன்றுதான் வந்தன. செய்தித்தாள் கத்தரிப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்காதீர்கள், அரசிதழ்ப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும். பெண்ணுக்கு 18 நிரம்பட்டும், அப்புறம் தேதி குறியுங்கள்.