மெலெக்: அரசனா, வேந்தனா?

எபிரேயத்தில் அரசனைக் குறிக்கும் சொல் ‘மெலெக்’. அதைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதே கேள்வி. ம்-ல்-க் என்ற மூன்று மெய்கள்தான் வேர். அபிமெலேக்கு, எலிமெலேக்கு, மெல்கிசேதேக்கு என்று தமிழ் விவிலியத்தில் பழகிய பெயர்களுக்குள் இருப்பதும் இதுவே. அரபு ‘மலிக்’ இதன் இனச்சொல்; மாலிக் காபூரின் ‘மாலிக்’ அந்தப் பட்டம்தான். பழைய மெசொப்பொத்தேமிய மொழியான அக்காதியத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே அரசன் ‘ஷர்ரு’, ‘மல்கு’ பெரும்பாலும் அதற்கு ஒருபடி கீழே. எபிரேயத்திலோ ‘சர்’ வெறும் அதிகாரி.

சொல்லின் அளவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். யோசுவா 12ஆம் அதிகாரம் 31 மெலெக்குகளைப் பட்டியலிடுகிறது. பெரும்பாலும் ஒவ்வொருவரும் ஒரே ஊரின் ஆட்சியாளர். அரண்மனையும் யானைப்படையுமாகக் கற்பனை செய்துகொண்டு படித்தால் எல்லாம் பிசகும்.

சாமுவேலின் முதல் நூலில் இன்னொரு சொல்லும் வருகிறது. 8ஆம் அதிகாரத்தில் மக்கள் கேட்பது மற்ற இனத்தாருக்கு இருப்பது போன்ற ஒரு மெலெக். மகன்களைத் தேருக்கும் மகள்களை அடுக்களைக்கும் எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாங்குவான் என்று இறைவாக்கினர் சாமுவேல் எச்சரிக்கிறார். ஆனால் 9:16இல், இஸ்ரயேலின் முதல் அரசனாகப்போகும் சவுலை எண்ணெய் பூசி அமர்த்தச் சொல்லும்போது கடவுள் வாயில் வருவது ‘நாகீத்’. ‘முன்னே, எதிரே’ என்ற பொருளுள்ள ந்-க்-த் வேரோடு தொடர்புள்ள சொல் இது. இரண்டையும் ‘அரசன்’ என்றே பெயர்த்தால் கதையின் இழுபறி காணாமல் போய்விடும்.

கல்வெட்டுகள் இன்னும் சிக்கனம். ஏறத்தாழ கி.மு. 1208ஐச் சேர்ந்த, எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, அஸ்கலோன், கேசேர் பெயர்களுக்கு நாட்டுக் குறியும், இஸ்ரயேலுக்கு மக்கள்கூட்டக் குறியும் இடுகிறது. இஸ்ரயேலுக்கு அரசன் உண்டு என்ற பேச்சே இல்லை. சவுலின் பெயர் சொல்லும் சமகாலக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. கி.மு. 853ஆம் ஆண்டுப் போரைச் சொல்லும் அசீரியக் கல்வெட்டில் இஸ்ரயேலின் ஆகாபு 2,000 தேர்களோடு வருகிறான். 1993இல் வட இஸ்ரயேலின் தெல் தானில் கிடைத்த அரமேயக் கல்வெட்டு ‘இஸ்ரயேலின் மெலெக்’ என்கிறது. ‘தாவீதின் வீடு’ என்பதும் அதில் உண்டு. மற்றச் சொற்களுக்கு நடுவே பிரிப்புப் புள்ளி இருக்க, ‘வீடு’, ‘தாவீது’ என்ற இரண்டுக்கும் நடுவே இல்லை. அதை ஓர் ஊர்ப்பெயர் என்று சிலர் வாதிட்டது அதனால்தான். பெரும்பாலோர் ஏற்பது அரச மரபு என்ற பொருளையே.

தெற்கு அரசான யூதாவின் சாடிப் பிடிகளில் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் குத்திய ‘ல்-ம்-ல்-க்’ முத்திரையில் முதல் ‘ல்’ வேற்றுமை உருபு: ‘அரசனுக்கு உரியது’.

தமிழில் பழைய மொழிபெயர்ப்பு ‘ராஜா’, திருவிவிலியம் ‘அரசர்’. மெலெக்குக்கு ‘அரசன்’ பொருந்தும். முடியுடை மூவேந்தரை நினைவூட்டும் ‘வேந்தன்’ மிகை. நாகீத்துக்குத் ‘தலைவன்’ போதும்.