டோஸ்: கொடுத்ததா, ஏற்றதா?

மேனேஜரிடம் டோஸ் வாங்கினான் என்கிறோம். தடுப்பூசி இரண்டாவது டோஸ் போட்டாச்சு என்கிறோம். கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று கைமாறி நம் மருந்துக்கடைக்கு வந்த சொல். பேச்சில் இதற்கு ஈடாக 'வேளை' இருக்கிறது: மூன்று வேளை மருந்து. எழுத்தில் 'மருந்தளவு'. மாத்திரைக்கு இவையே போதும்.

கதிர்வீச்சு சிகிச்சையில், அதாவது நோயாளிகள் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வதில், இந்தச் சொல் இடறுகிறது. அங்கே டோஸ் என்பது கருவி கொடுத்தது அல்ல, திசு ஏற்றது. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் 1 கிரே; பழைய கணக்கில் 100 ராட். கதிரைச் செலுத்தும் லினாக் கருவியின் எண்ணியில் ஓடுவதோ மானிட்டர் யூனிட், அதாவது கருவி வெளியே விட்டதன் அளவு. குறிப்பிட்ட கதிர்ப்பரப்பில், குறிப்பிட்ட ஆழத்தில் 100 யூனிட்டுக்கு 1 கிரே என்று பொதுவாகச் சரிசெய்து வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு குலைந்தால் திரையில் தெரியும் எண் வெறும் எண்தான்.

1986 மார்ச்சில் அமெரிக்காவின் டைலர் நகரில் நடந்தது இதுவே. தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவியில் எலக்ட்ரான் கற்றைக்கு 'இ' தட்ட வேண்டிய இடத்தில், கருவியை இயக்கியவர் எக்ஸ்-கதிருக்கான 'எக்ஸ்' தட்டிவிட்டு, சட்டென்று திருத்தினார். திருத்தம் திரையில் ஏறியது; கருவியின் உள்ளமைப்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 'மால்ஃபங்ஷன் 54' என்று பிழைச்செய்தி வந்தது. கேட்டது 202 யூனிட், போனது 6 என்றது எண்ணி. குறைவாகத்தான் போயிருக்கிறது என்று 'பி' விசையைத் தட்டித் தொடர்ந்தார். விதித்தது 180 ராட். நோயாளி உடல் ஏற்றது 16,500 முதல் 25,000 ராட் வரை என்று பின்னர் மதிப்பிட்டார்கள். சில மாதங்களில் அவர் இறந்தார்.

ஆகவே பிழை என்று சந்தேகம் வந்ததும் 'தொடர்' விசையைத் தொடக் கூடாது. கற்றையை நிறுத்தி, நோயாளியை வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும். கருவியை அணைத்து மறுபடி போடுவதும் தவறு: பதிவுகள் அழியலாம். திரையைப் படமெடுத்து, எண்ணியின் அளவையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மருத்துவ இயற்பியலாளர், மருத்துவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் மூவருக்கும் சொல்ல வேண்டும். காரணம் பிடிபடும்வரை கருவி வேலை செய்யக் கூடாது. பிறகு அந்த நோயாளியின் சிடி படத்தில், உண்மையில் நடந்த அமைப்பை வைத்துக் கணக்கை மறுபடி போட வேண்டும். மீதி நாள் சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்த எண்தான். நோயாளியிடம் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு படுத்த ஒவ்வொருவரின் கோப்பையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். கோஸ்டாரிகாவில் 1996இல் சிகிச்சைக் கருவியின் கோபால்ட் கதிர்மூலத்தை மாற்றியபின் அளந்தபோது 0.3 நிமிடத்தை 18 வினாடி என்று கொள்ளாமல் 30 வினாடி என்று கொண்டார்கள். கதிர் குறைவாக வருகிறது என்று நினைத்து அதிக நேரம் கொடுக்கவைத்த அந்த ஒரு கணக்கு நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய பிழையை முன்பு 'தவறான செலுத்துகை' என்ற பொருளில் குறித்தது; 2002இல் 'மருத்துவ நிகழ்வு' என்று மாற்றியது. நிகழ்வு என்பது வழவழப்பான சொல். கோயில் திருவிழாவும் நிகழ்வுதான். தமிழில் 'சிகிச்சைப் பிழை' என்றே எழுதலாம்.

டோஸுக்கு 'ஏற்பளவு' பொருந்தும். பாடநூல் வழக்கில் 'உட்கவர் அளவு' என்றும் சொல்லலாம், ஆனால் வார்டில் வாய்க்கு வராது. ஓவர்டோஸ் 'மிகையளவு'. அதன் எதிர்ப்பக்கம் 'குறையளவு'. அதற்கும் பெயர் வேண்டும், ஏனென்றால் மிகையளவு தோலில் தெரியக்கூடும், குறையளவு தெரியாது. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் கருவிக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரத்துக்காகக் கணினி ஏற்கெனவே செய்துவிட்ட திருத்தத்தைக் கையாலும் ஒருமுறை செய்துகொண்டிருந்தார்கள். சுமார் ஆயிரம் பேருக்கு 5 முதல் 35 சதவீதம் வரை குறைந்தது. 1982இல் தொடங்கிய அந்தப் பிழை வெளிப்பட்டது 1991இல், புதிய கணினி வந்தபோது.