உங்கள் விண்ணப்பத்தில் என் செல் நம்பர் எதற்கு?

"எனக்கு இந்த மெசேஜெல்லாம் பார்க்கத் தெரியாதுப்பா, ஒன் நம்பரையே போட்ரு." உசிலம்பட்டிப் பக்கம் என்னைப் போல இ-சேவை மையம் நடத்துகிற எவரைக் கேட்டாலும் இந்த வாசகத்தைச் சொல்வார்கள். கேட்பவர் அறுபது வயது அப்பத்தாவாக இருந்தால் கோபம் வராது. கையில் ஐபோன் வைத்திருக்கிற பையன், "அண்ணே, உங்க நம்பர் போட்டா நமக்கும் அலைச்சல் இல்ல, உங்களுக்கும் ஈஸி" என்று சொல்லும்போதுதான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சமீபத்தில் வந்த ஒரு பெண். கல்லூரியில் சேர்ந்தாயிற்று. கல்வி உதவித்தொகைக்கு ஆதார் சரிபார்ப்பு கேட்கிறார்கள். எண்ணை அடித்தால், ஓடிபி போன நம்பரின் கடைசி எண்கள் திரையில் வருகின்றன. அது அந்தப் பெண்ணின் நம்பர் இல்லை, அம்மாவுடையதும் இல்லை. அப்பா முறுக்குக் கம்பெனி வேலையாக ஆந்திராவில் இருக்கிறார், அவருடையதும் இல்லை. வெகுநேரம் யோசித்து அம்மாதான் கண்டுபிடித்தார். பிள்ளைக்குப் பதினைந்து வயதில் கைரேகை புதுப்பித்தபோது, ஃபாரம் எழுதிக் கொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரரின் நம்பராம். அந்தக் கடை இப்போது இல்லை. அந்த நம்பருக்குப் போட்டால் எடுத்தவர் இந்தியில் பேசுகிறார். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. இப்படி வருகிறவர்களில் இந்தப் பெண் முதல் ஆள் இல்லை. வருடா வருடம் கல்லூரி சேர்க்கை நேரத்தில் இதே கதை, ஆள் மட்டும் மாறும்.

பிரச்சினையின் வேர் ஒரு தவறான நினைப்பு. செல் நம்பரை விண்ணப்பத்தில் கேட்பது ஏதாவது தகவல் என்றால் கூப்பிட்டுச் சொல்லத்தான் என்று மக்கள் நினைக்கிறார்கள். பழைய காலத்து ஃபாரத்தில் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டு லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்து, பிபி என்று அடைப்புக்குறிக்குள் எழுதிய தலைமுறை நாம். சேதி வந்தால் அவர்கள் வந்து கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இன்றைக்கு அந்த நம்பர் சேதி சொல்வதற்கு அல்ல. அதுதான் சாவி. ஆதாரில் பதிந்த நம்பருக்கு ஓடிபி வந்தால்தான் இ-ஆதாரை டவுன்லோடு செய்ய முடியும், முகவரியை ஆன்லைனில் மாற்ற முடியும், டிஜிலாக்கர் திறக்கும், உடனடி இ-பான் கிடைக்கும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர் அதை உறுதிசெய்ய ஆதார் ஓடிபிதான் சுலபமான வழி. குடும்ப அட்டை விவரம் பார்க்க அதில் பதிந்த நம்பர் வேண்டும். நம் இ-சேவையில் சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளுக்கு முன்னால் போடுகிற கேன் நம்பரும் (விண்ணப்பதாரருக்கென்று தருகிற பதிவு எண்) ஒரு செல் நம்பரோடுதான் பதிவாகிறது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்ற மெசேஜும் அதற்குத்தான் போகும். வேறொருவர் நம்பரைக் கொடுத்தால், உங்கள் பெயரில் வருகிற எல்லா அனுமதியையும் அவர் கையில் கொடுக்கிறீர்கள். நான் நல்லவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நான் கடையை மூடினால்? சிம்மை மாற்றினால்? என் போனைத் திருடிக்கொண்டு போனவன் நல்லவனாக இருப்பானா?

"அந்த சிம் செத்துப் போச்சு, அப்புறம் என்ன பயம்?" என்பவர்களும் உண்டு. சிம் சாகும், நம்பர் சாகாது. தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது விதி. துண்டித்து 90 நாள் கழிந்தபின் அதே நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். உச்ச நீதிமன்றத்திலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைச் சொல்லியிருக்கிறது. அதாவது நீங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் ஒரு வருடத்துக்குள் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் போனில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் ஆதாருக்கான ஓடிபி அவருக்குப் போகும்.

இன்னொரு நினைப்பு இதைவிட அதிகமாகப் படுத்துகிறது. "ஆதார்ல நம்பர் மாத்திட்டேன், எல்லாத்துலயும் மாறிடும்ல?" மாறாது. ஆதாரில் மாற்றினால் ஆதாரில் மட்டும்தான் மாறும். வங்கியில் பழைய நம்பரே இருக்கும். ரேஷன் கார்டில் பழையது இருக்கும். கேஸ் புத்தகத்தில், பிஎஃப் கணக்கில், பத்திரப்பதிவு இணையதளத்தில் நீங்கள் திறந்து வைத்த லாகினில் எல்லாம் பழையதே. ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகப் போய்த்தான் மாற்ற வேண்டும். இதைச் சொன்னால் என்னை ஏதோ கமிஷனுக்காகப் பொய் சொல்கிறவன் மாதிரி பார்க்கிறார்கள்.

இதிலேயே இன்னும் ஒரு சிக்கு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். "ஆதார் லிங்க் ஆகிருச்சா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறீர்கள். அது மூன்று கேள்வி. ஆதாரோடு செல் நம்பர் இணைந்திருக்கிறதா என்பது ஒன்று. வங்கிக் கணக்கோடு செல் நம்பர் இணைந்திருக்கிறதா என்பது இரண்டாவது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பது மூன்றாவது. உதவித்தொகை, பிஎம் கிசான் இரண்டாயிரம் போல ஆதார் வழியாக வருகிற பணத்துக்கு மூன்றாவதுதான் முக்கியம். அதிலும், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்கச் சம்மதம் கொடுத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பாஸ்புக் ஜெராக்ஸைக் கொடுத்த வங்கிக்குப் போகாது. "பணமே வரல" என்று வந்து சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பணம் வந்திருக்கும். எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். மைஆதார் இணையதளத்தில் எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் அதைப் பார்க்கவும் ஓடிபி வேண்டும். மறுபடியும் அந்த நம்பரிடம்தான் வந்து நிற்கிறோம்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊரே சொல்லிவிட்டது, நான் திரும்பச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் வங்கியிலிருந்து "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று மெசேஜ் வரும். மதியம் எங்கள் கடைக்கு வந்தால், "ஓடிபி சொல்லுங்க அப்பத்தா" என்று நாங்களே கேட்போம். பாவம், அவர்கள் எதை நம்புவார்கள்? நான் சொல்வது இதுதான். நீங்கள் கேட்டு, உங்கள் கண் முன்னால், உங்கள் வேலைக்காக வருகிற ஓடிபி வேறு. யாரோ போன் பண்ணிக் கேட்கிற ஓடிபி வேறு. மெசேஜில் அது எதற்கு என்று எழுதியிருக்கும். வருமானச் சான்றுக்கு வந்திருக்கும்போது வங்கி பெயரில் ஓடிபி வந்தால் வாயைத் திறக்காதீர்கள். முடிந்தவரை எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் நீங்களே கீபோர்டில் அடியுங்கள். நல்ல கடைக்காரர் கீபோர்டை உங்கள் பக்கம் திருப்பித் தருவார். தராவிட்டால் கேளுங்கள், இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடைக்காரர்களாகிய எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டால், வந்தவரைப் போன் தேடவிட்டுக் காத்திருக்கப் பொறுமை இருக்காது. நம் நம்பரைப் போட்டால் நொடியில் வேலை முடியும், அடுத்த ஆளைக் கூப்பிடலாம். இப்படிச் சம்பாதித்த பத்து நிமிடத்துக்கு, வருடங்கள் கழித்து வேறு ஒரு குடும்பம் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறது. தொழிலில் இருக்கிற தம்பிகள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

சரி, ஏற்கெனவே வேறு நம்பர் போட்டாயிற்று, இப்போது என்ன செய்வது?

முதலில் ஆதார். பழைய நம்பர் கையில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, வேறு எந்த ஆவணமும் வேண்டாம். ஆதார் அட்டையோடு நீங்கள் நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். தாலுகா அலுவலகங்களில் இருக்கிற ஆதார் மையம், ஆதார் வசதியுள்ள அஞ்சலகம், சில வங்கிக் கிளைகள் எதிலும் செய்யலாம். கட்டணம் 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தபால்காரரிடம் கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து ஆதாரில் செல் நம்பரை மாற்றிக் கொடுக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. இது தெரியாமல் ஆட்டோ வைத்து அப்பத்தாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இன்னொன்று, எல்லா இ-சேவை மையத்திலும் ஆதார் திருத்தம் கிடையாது. என் கடையிலும் கிடையாது. "போர்டுல சேவைன்னு போட்ருக்கியே" என்று என்னிடம் கோபப்படுவதில் பலன் இல்லை. சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

மாற்றியதும் அன்று மாலையே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நாளில் முடிவதும் உண்டு, ஒரு மாதம் இழுப்பதும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் கல்லூரி விண்ணப்பம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அரையாண்டு விடுமுறையிலேயே பிள்ளையின் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ரேஷன் கார்டுக்கு வட்ட வழங்கல் அலுவலகம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கிற பொது விநியோகக் குறைதீர் முகாமிலும் செல் நம்பர் மாற்றத்துக்கு மனு வாங்குவார்கள். வங்கிக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்கள். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் செய்துகொள்ளலாம்.

எந்த நம்பரைக் கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். ஒரே செல் நம்பரை வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதாருக்கும் கொடுக்கலாம், தடை இல்லை. ஆனால் அது வீட்டில் இருக்கிற ஆளின் நம்பராக இருக்கட்டும். துபாயில் இருக்கிற மகன் நம்பரை அம்மாவின் ஆதாருக்குக் கொடுத்தால், இங்கே நான் ஓடிபிக்காகக் காத்திருக்கும்போது அங்கே அவன் டியூட்டியில் இருப்பான். ஓடிபிக்கோ சில நிமிடம்தான் ஆயுசு. கல்யாணமாகிப் போன மகளின் நம்பர், கடன்காரர்களுக்குப் பயந்து மாதம் ஒரு சிம் மாற்றுகிற மாமாவின் நம்பர், இவையும் வேண்டாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் பதியலாம்.

போகிற போக்கில் இன்னொரு ஆற்றாமை. சான்றிதழை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், "இதுல சீலே இல்லையே, கையெழுத்து பச்சை இங்க்ல இல்லையே" என்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். அதைக் கேட்டு அனுப்புவது சில அலுவலகங்களும்தான். தாசில்தார் டிஜிட்டல் கையொப்பம் போட்டுத்தான் அது வெளியே வருகிறது. டிஜிட்டல் கையொப்பத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2000-ல், தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோதே. சான்றில் இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். ஸ்கேன் செய்ய மாட்டேன், சீல் கொண்டா என்பவருக்கு வெளியே யாரோ ரப்பர் ஸ்டாம்ப் அடித்துக் கொடுக்கிறார்கள். நல்ல சான்றைப் போலிச் சான்றாக்குவது அந்த சீல்தான். தயவுசெய்து எங்கும் போய் சீல் வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, மையத்துக்கு வரும்போது போனைக் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்து, "பேரன்கிட்ட இருக்கு, கூப்பிட்டுக் கேளு" என்றால் அன்று வேலை நடக்காது. பட்டன் போன் தாராளமாகப் போதும், ஓடிபிக்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை. சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் வேலிடிட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். பட்டன் போனில் இன்பாக்ஸ் நிறைந்திருந்தால் புது மெசேஜ் உள்ளே வராது. பழைய காலர் ட்யூன் விளம்பரங்களை எல்லாம் பேரப்பிள்ளையிடம் கொடுத்து அழித்துவிட்டு வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.