கணக்கு வராதவர்களுக்குத்தான் எகனாமிக்ஸ் என்று யார் சொன்னது?

மே, ஜூன் வந்தால் எங்கள் துறை வாசலில் ஒரே வசனம்தான். இந்த வருடம் அதை முதலில் சொன்னவர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அப்பா. "மேடம், இவனுக்குக் கணக்கு சுத்தமா வராது. பி.காமும் கிடைக்கல. அதான் எகனாமிக்ஸ்ல போட்டுவிடலாம்னு..." பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பி.காம். கிடைக்காவிட்டால் இது என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. அந்த முதல் வாக்கியம்தான் பழக மாட்டேன் என்கிறது.

மதுரையில் ஒரு கலைக்கல்லூரியில் இருபது வருடமாக பி.ஏ. பொருளாதாரம் நடத்துகிறேன். அந்த அப்பாவிடம் வழக்கம்போல் பொறுமையாகப் பேசி அனுப்பியதோடு விட்டிருப்பேன். ஆனால் அதே வாரம் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். படித்தபோது வகுப்பில் முதல், ஓர் அரியர் கிடையாது. எம்.ஏ.வை வெளியூரில் நல்ல இடத்தில் படிக்க ஆசை. கையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பழைய நுழைவுத்தேர்வுத் தாள். சார்பு, எல்லை, வகைக்கெழு என்று வரிசையாகக் கணிதக் கேள்விகள். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தவள். அந்தக் குறியீடுகளை வாசிக்கவே அவளுக்குத் தெரியவில்லை. "மூணு வருசத்துல ஒருத்தர்கூட சொல்லலையே மேம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

'கணக்கு' என்ற சொல்லே பாதி வில்லங்கம். நமக்கு மேத்ஸும் கணக்குதான், அக்கவுண்டன்சியும் கணக்குதான், மளிகைக்கடைப் பாக்கியும் கணக்குதான். "கணக்குப்பதிவியல்ல 95 மேம்" என்று தெம்பாக வந்து உட்காருவார்கள். பேலன்ஸ் ஷீட் போடத் தெரிவது நல்ல விஷயம், ஆனால் அது வேறு. அப்புறம் பள்ளியில் படித்த பொருளியல். பொருளியல் என்றால் என்ன என்று நான்கு அறிஞர்கள் சொன்னது: ஸ்மித்துக்குச் செல்வ இலக்கணம், மார்ஷலுக்கு நல இலக்கணம், ராபின்ஸுக்குப் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனுக்கு வளர்ச்சி இலக்கணம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான்கையும் ஒப்பிப்பார்கள். வரலாறு மாதிரி இதுவும் மனப்பாடம்தான் என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடுகிறது. (வரலாற்றுத் துறை நண்பர்கள் மன்னிக்க, உங்களுக்கும் இதே எரிச்சல் உண்டு என்று தெரியும்.) கல்லூரித் தேர்விலும் நாங்கள் பெரும்பாலும் கேட்பது 'விளக்குக', 'விவரி'. நோட்ஸை உருப்போட்டு, விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று காட்டும் தேவைக் கோட்டை இடமிருந்து வலமாகச் சரித்து வரைந்தால் பாஸ். அது எவ்வளவு சரிகிறது என்று கேட்பாரில்லை. இதில் எங்கள் பங்கும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

எவ்வளவு என்ற கேள்வியில்தான் பாடமே ஆரம்பிக்கிறது. முதலாண்டு வகுப்பில் நான் மல்லிகைப்பூவை எடுத்துக்கொள்வேன். மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போவதை மதுரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்குக்காக எளிய எண்கள்: முழம் 20 ரூபாய் விற்றபோது ஒரு வீட்டில் 4 முழம் வாங்கினார்கள். 40 ஆனதும் 3 முழம். விலை 100 சதவீதம் ஏறியது, வாங்கியது 25 சதவீதம் குறைந்தது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது வாங்குவது எவ்வளவு அசைகிறது என்ற அளவு: 0.25. பூக்காரம்மாவுக்கு 80 ரூபாய் வந்த இடத்தில் 120 வருகிறது. இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்போது திருப்பிப் போடச் சொல்வேன். பொங்கல் கழிந்து விலை 40-லிருந்து 20-க்கு இறங்குகிறது, 3 முழம் மறுபடி 4 ஆகிறது. விலை இறங்கியது 50 சதவீதம், வாங்கியது கூடியது 33 சதவீதம். நெகிழ்ச்சி 0.67. அதே வீடு, அதே பூ, அதே இரண்டு விலை. ஏறும்போது ஒரு விடை, இறங்கும்போது ஒரு விடை. எது சரி?

வகுப்பு அமைதியாகிவிடும். சராசரி விலையையும் சராசரி அளவையும் வைத்துப் போட்டால் எந்தப் பக்கம் போனாலும் 0.43 வரும். அதுவும் ஒட்டுப்போட்ட வேலைதான். விலை மாற்றத்தைச் சிறிதாக, இன்னும் சிறிதாக எடுத்துக்கொண்டே போனால் நுண்கணிதத்தின் (கால்குலஸ்) வாசலுக்கு வந்துவிடுவோம். இறுதிநிலைப் பயன்பாடு, இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய் என்று புத்தகம் முழுக்க வருகிறதே, அத்தனை 'இறுதிநிலை'யும் வகைக்கெழுதான், அதாவது ஒன்று துளி மாறினால் மற்றது எந்த வேகத்தில் மாறுகிறது என்ற கணக்கு. மூன்று வருடமும் அதைத்தான் படிக்கிறார்கள், பெயர் சொல்லாமல்.

யூடியூப் பார்த்துவிட்டு வரும் பையன் ஒருவன் வருடா வருடம் கிடைப்பான்: "மார்ஷலே கணக்கை எரிச்சிடச் சொன்னார் மேம்." சொன்னார்தான், 1906-இல் பௌலி என்ற புள்ளியியலாளருக்கு எழுதிய கடிதத்தில். கணக்கைச் சுருக்கெழுத்துபோல வைத்துக்கொள், முடித்ததும் சாதாரண மொழியில் எழுது, வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டு, பிறகு கணக்கை எரி என்றார். எரிப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டுமே! சொன்ன மனிதர் 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தவர். இன்னொரு பெரிய பொருளாதார அறிஞர் கெயின்ஸ் வாங்கிய பட்டமும் கணிதம். அவ்வளவு தூரம் வேண்டாம், நம் டி.கல்லுப்பட்டிக்கு வாருங்கள். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர். காந்தியப் பொருளாதாரம் என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போகிறோம். அவர் லண்டனில் படித்த ஆடிட்டர். குஜராத்தின் மாதர் தாலுகாவில் மாணவர்களை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தவர்.

சரி, என்ன செய்யலாம்? பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் முதலில் கேளுங்கள். பின்னால் பொருளாதாரம் படிக்கும் எண்ணம் துளியாவது இருந்தால், ப்ளஸ் ஒன்னில் கணிதமோ வணிகக் கணிதமோ இருக்கும் குரூப்பைப் பாருங்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குக் கணிதம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. "இந்தியப் பொருளாதாரப் பணி எழுதி அதிகாரி ஆகணும்" என்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு பி.ஏ. போதாது, முதுகலை வேண்டும். அதன் முதல் பொருளாதாரத் தாளிலேயே கணித முறைகளும் புள்ளியியலும் இருக்கின்றன.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம், தயவுசெய்து. இன்ஜினியரிங் அளவுக்கு யாரும் கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகத்தை எடுங்கள். அரசு பாடநூல், தமிழிலேயே இருக்கிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அணிகளில் (மேட்ரிக்ஸ்) தொடங்கி, ஒரு தொழிலின் உற்பத்தி இன்னொரு தொழிலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்கும் உள்ளீடு-வெளியீடு பகுப்பாய்வு வரை முதல் பாடத்திலேயே வருகிறது. வகையிடலின் (வகைக்கெழு காண்பது) பயன்பாடாகத் தேவை நெகிழ்ச்சியும் வருகிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், முதல் வருடத்திலேயே. மூன்றாம் வருடம் பிப்ரவரியில் என்னிடம் ஓடி வராதீர்கள், திட்டுவேன். துணைப்பாடத்தில் புள்ளியியல் எடுக்க வழி இருந்தால் எடுங்கள். 'அதுல மார்க் போடமாட்டாங்க' என்ற சீனியர் பேச்சைக் கேட்டு ஓடாதீர்கள். எக்செல்லில் ஒரு சராசரி, ஒரு வரைபடம் போடக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படிப்பவர்கள் கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் நோட்டில் எழுதி வையுங்கள். பலர் வெளித் தேர்வில் தடுக்குவது கணக்கில்கூட இல்லை, கேள்வி புரியாமல்தான்.

உசிலம்பட்டிப் பையன் சேர்ந்துவிட்டான். அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் என்னைவிட மகனைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். பையன் மட்டும் அந்தப் புத்தகத்தின் பெயரைப் போனில் குறித்துக்கொண்டான்.

அந்தப் பழைய மாணவி சனிக்கிழமை மூன்று மணிக்குத் துறைக்கு வருகிறாள். இருபத்து மூன்று வயதில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பேருந்தில் விரிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று செய்தித்தாளில் அட்டை போட்டிருக்கிறாள். போன வாரம் அந்தப் பூக்கணக்கை அவளிடமும் போட்டேன். 0.43 வந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "மேம், 20-லேர்ந்து நேரா 40-க்குப் போகாம 21-க்குப் போனா என்ன வரும்?" என்றாள். "இருபதே கால்னா?"