காலை 7 மணிக்கு ஒரு தடவை போதும்: அட்மிஷன் காத்திருப்பின் உள்ளியக்கம்

டிசம்பர் 15 இல் விண்ணப்பத்தை அனுப்பியதிலிருந்து ஏப்ரல் வரை, வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கோ முதுமாணிக்கோ விண்ணப்பித்தவர் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. ஆனால் செய்கிற வேலைக்கு ஓய்வில்லை. போனை எடுப்பது, மின்னஞ்சலை இழுத்துப் புதுப்பிப்பது, பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப இணையப்பக்கமான போர்ட்டலுக்குள் போவது, ஒன்றுமில்லையென்று வெளியே வருவது, கால் மணித்தியாலத்தில் திரும்பவும் போவது. இதைப் பொறுமையின்மை என்று திட்டுவதில் பயனில்லை. மூளை தன் விதிப்படிதான் நடக்கிறது. பிழை, அந்த விதிக்குப் பொருந்தாத நேரத்தில் போனை எடுப்பதில்தான்.

முதலில் மறுகரையில் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் டிசம்பர் கடைசி இரண்டு வாரமும் கோப்புகள் பெரும்பாலும் அசைவதில்லை. அலுவலகப் பணியாளர்கள் ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற பெறுபேற்றுப் பத்திரம், பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத் தேர்வான டோஃபலின் மதிப்பெண் எல்லாம் சேர்ந்துவிட்டனவா என்று சரிபார்ப்பார்கள். பேராசிரியர்கள் விடுமுறையில் இருப்பார்கள். ஜனவரியில் சில பேராசிரியர்கள் அடங்கிய குழு கூடும். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு மூன்று பேர் வாசித்துப் புள்ளியிடுவார்கள். உயிரியல், உளவியல் போன்ற துறைகளில் நேர்முகமும் உண்டு. ஜனவரி இறுதியிலிருந்து பெப்ரவரி முழுக்க முதல் அலை அழைப்புகள் போகும்.

எத்தனை பேரை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது திறமை மட்டுமல்ல. அந்த வருடம் எத்தனை கற்பித்தல் உதவியாளர் இடம் இருக்கிறது, எந்தப் பேராசிரியரிடம் ஆய்வு நிதி இருக்கிறது என்பதும்தான். துறை ‘ஆம்’ என்ற பின்னும் மைய அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். அதனால்தான் பேராசிரியர் வாய்மொழியாகச் சொன்ன செய்தி போர்ட்டலில் ஏற நாட்கள் பிடிக்கின்றன. மறுப்புக் கடிதங்கள் பெரும்பாலும் கடைசியில் வரும். முதல் அலையில் அழைக்கப்பட்டவர்கள் வேறு இடம் போனால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமே, அதற்காகத் துறை பலரை நிலுவையில் வைத்திருக்கும். ஆகவே மார்ச் மாத மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்த ‘தெரியாது’ என்பதுதான் நெஞ்சை அரிக்கிறது. 2016 இல் இலண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் ஆர்ச்சி டி பெர்க்கர் குழுவினர் 45 பேரை ஒரு கணினி விளையாட்டுக்கு உட்காரவைத்தார்கள். திரையில் கற்கள், கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி. தோலின் வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த நெருக்கீட்டைவிட, 50 சதவீதம் என்று இருந்தபோதே நெருக்கீடு உச்சத்தில் நின்றது. நெருக்கீடு நிச்சயமின்மையை ஒட்டி ஏறி இறங்கியவர்களே பாம்பைச் சரியாக ஊகிப்பதிலும் கெட்டிக்காரராக இருந்தார்கள். அதாவது பதகளிப்பு வீணாக உண்டான குணமல்ல, கற்கத் தூண்டும் ஒரு சைகை. அட்மிஷன் காத்திருப்பில் மட்டும் அந்தச் சைகைக்கு வேலையில்லை. கற்றுக்கொள்ளப் புதிய தகவல் எதுவும் வந்து சேர்வதில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்து ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்தால், எல்லாமே கைவிடும் வாய்ப்பு 0.9 இன் எட்டாம் அடுக்கு: சுமார் 43 சதவீதம். ஓரிடமாவது கிடைக்கும் வாய்ப்பு 57. நெருக்கீடு உச்சமாகும் அந்த நடுப்புள்ளிக்கு மிக அருகில்! உண்மையில் இது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். எட்டு விண்ணப்பத்திலும் ஒரே கடிதங்கள், ஒரே நோக்க அறிக்கை. ஓரிடத்தில் பலவீனமாகத் தெரிந்தது இன்னோரிடத்திலும் தெரியும். ‘பத்துப் போட்டால் ஒன்றாவது வரும்’ என்று சொல்லுகிறவர்கள் இந்தத் தொடர்பைக் கவனிப்பதில்லை.

பயம் மட்டும் இருந்தால் போனைத் தூக்கி மூலையில் எறிந்திருப்போம். எடுக்க வைப்பது நம்பிக்கை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் 2003 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பழச்சாறு வரலாம் வராமலும் போகலாம் என்று குரங்குகள் காத்திருந்த வேளையில், மூளையில் பரிசை எதிர்பார்க்கவைக்கும் டோபமைன் நரம்பணுக்களின் செயற்பாடு மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஏற்றம் மிகக் கூடியது மறுபடியும் 50 சதவீத வாய்ப்பில். சாறு நிச்சயம் என்றபோது அந்த ஏற்றம் காணப்படவில்லை.

மின்னஞ்சல் பார்ப்பதைச் சூதாட்ட இயந்திரத்தோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான் சரி. உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957 இல், கொத்தும் புறாக்களைக் கொண்டு விரிவாகப் பதிந்த வலுவூட்டல் அட்டவணைகளில், அதாவது பரிசு எப்போது கிடைக்கும் என்ற ஒழுங்குகளில், இரண்டு வகையை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். சூதாட்ட இயந்திரத்தில் எத்தனை தடவை இழுக்கிறோமோ அத்தனை வாய்ப்பு. இன்னொரு வகையில், பரிசு ஏதோ ஒரு நேரத்தில் தயாராகிவிடும். அதன்பின் முதல் கொத்தல் அதைப் பெறும். முன்னர் கொத்தியதெல்லாம் வீண். அட்மிஷன் முடிவு இந்த இரண்டாம் வகை. நாற்பது தடவை பார்த்தாலும் ஒரு தடவை பார்த்தாலும் முடிவு வரும் நேரம் மாறாது. இந்த அட்டவணையில் புறாவுக்கு நேரம் தெரியாது, ஆகவே அது இடைவிடாமல் மிதமாகக் கொத்திக்கொண்டேயிருக்கும். கொழும்பில் இருப்பவருக்கு நேரம் ஓரளவு தெரியும்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7.30. அங்கே மாலை 5 என்றால் இங்கே அதிகாலை 3.30. கலிபோர்னியாவில் மாலை 5 என்றால் இங்கே காலை 6.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் இவையெல்லாம் ஒரு மணித்தியாலம் முந்தும். ஆக, அமெரிக்கப் பெருநிலத்து அலுவலகம் அன்று என்ன அனுப்பினாலும் கொழும்பில் காலை 7 மணிக்குள் வந்து சேர்ந்திருக்கும். அதன்பின் இரவு 7.30 வரை அங்கே அலுவலகமே திறந்திருக்காது. பகல் முழுக்கப் பார்ப்பது நித்திரையில் இருக்கிற ஊரின் கதவைத் தட்டுவதுதான். சனிக்கிழமை காலையிலிருந்து திங்கள் இரவு வரை அநேகமாக ஒன்றும் வராது. ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், அங்கே பொது விடுமுறை. அன்றிரவும் எதிர்பார்க்க வேண்டாம். பிரித்தானியாவுக்கு விண்ணப்பித்தவருக்கு அலுவலக நேரம் பிற்பகல் 2.30 முதல் இரவு 10.30 வரை, அதையும் மறுநாள் காலை 7 மணிப் பார்வை பிடித்துவிடும். அவுஸ்திரேலியா மட்டும் விதிவிலக்கு: கோடையில் சிட்னியின் நாள் இங்கே காலை 11.30 க்கு முடியும்.

‘நேர்முக அழைப்பைத் தவறவிட்டால்?’ என்பது அடுத்த பயம். கிழக்குக் கரையிலிருந்து காலை 10 க்கு அனுப்பிய கடிதம் இங்கே இரவு 8.30 க்கு வரும். அதற்கு மறுநாள் காலை 7 க்குப் பதில் எழுதினால் அங்கே அதே நாள் இரவு 8.30. பேராசிரியர் மறுநாள் அலுவலகம் வரும்போது பதில் காத்திருக்கும். நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தவர் முந்துவது அநேகமாகச் சில மணித்தியாலங்கள்தான்.

மனத்தை அதட்டி ஒரு தடவையோடு நிறுத்த முடியாது. கருவியை மாற்ற வேண்டும். விண்ணப்பித்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் டொமைனையும் ஒரு ஃபில்டரில் போட்டு, ஸ்பேமுக்கோ ப்ரொமோஷனுக்கோ போகாமல் செய்யுங்கள். முடிவுக் கடிதங்கள் பெரும்பாலும் ஸ்லேட் போன்ற மென்பொருளிலிருந்து, பதிலளிக்க முடியாத முகவரியில் வருவன. ‘உங்கள் நிலையில் மாற்றம்’ என்று மட்டும் சொல்லும், முடிவு போர்ட்டலுக்குள் இருக்கும். அந்த ஃபில்டருக்கு மட்டும் தனி அறிவிப்பொலி வைத்து, மற்ற மின்னஞ்சல் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். வந்தால் அதுவே கூப்பிடும் என்று ஆனபின் தேடிப்போகும் உந்துதல் தானாகத் தளரும். ஆனால் அந்த ஒலி இரவில் அடிக்கக் கூடாது. 11 மணிக்குப் போனை வேறு அறையில் வைப்பது நல்லது. ஒரு முழு இரவு தூங்காதவர்களுக்கு, வெறுப்பூட்டும் படங்களைப் பார்த்தபோது மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் எதிர்வினை சுமார் 60 சதவீதம் கூடியதாக 2007 இல் மத்தியூ வோக்கர் குழுவினர் கண்டார்கள். அரை இரவு விழிப்பு அவ்வளவு செய்யாது என்றாலும் திசை அதுதான்.

போர்ட்டலில் உள்ள ஆவணப் பட்டியலை மட்டும் முதல் பத்து நாளுக்குள் கவனமாகப் பார்க்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் வரவில்லை, ட்ரான்ஸ்கிரிப்ட் தெளிவில்லை என்பவை அப்போதுதான் திருத்தக்கூடியவை. அதை விட்டுவிட்டுப் பெப்ரவரியில் பதறுகிறவர்கள் அதிகம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் உளவியலாளர் கேட் ஸ்வீனி, சட்டத்தரணிப் பரீட்சை முடிவுக்கு நான்கு மாதம் காத்திருந்த பட்டதாரிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பதகளிப்பு தொடக்கத்திலும் கடைசியிலும் அதிகம், நடுவில் இறங்குகிறது. ‘நினைக்கவே மாட்டேன்’ என்பது போன்ற உத்திகள் பெரும்பாலும் பயன்படவில்லை. நன்றாகத் தவித்துக் காத்திருந்தவர்கள் கெட்ட செய்தியைக் கையாள்வதிலும் நல்ல செய்தியில் மகிழ்வதிலும் முன்னே இருந்தார்கள். ஆகவே ‘பொசிட்டிவாக இரு’ என்று தலையில் தட்டுகிறவர்களைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. காத்திருப்பை இலேசாக்கியது தன்னை மறந்து ஆழும் வேலை: கொஞ்சம் கடினமாகவும், சரியா பிழையா என்று உடனுக்குடன் காட்டுவதாகவும் இருப்பது. பட்மின்டன், வயலின், புதிய கணினி மொழி பொருந்தும். தொடர் நாடகம் பார்ப்பது பொருந்தாது, கை தானாகப் போனுக்குப் போகும்.

முடிக்காமல் விட்ட வேலை மனத்தில் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு உளவியலாளர்கள் மசிக்கம்போவும் பௌமைஸ்டரும் 2011 இல் காட்டிய மருந்து எளிது: வேலையை முடிக்கவே தேவையில்லை, எப்போது எப்படிச் செய்வோமென்று திட்டம் எழுதினாலே போதும். ‘கிடைத்தால்’ என்று ஒரு தாள்: கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது, பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டுமா, வங்கிக் கூற்று யார் பெயரில். ‘கிடைக்காவிட்டால்’ என்று இன்னொன்று: எந்த வேலை, எந்தப் பேராசிரியரோடு ஆய்வு, எந்தப் பரீட்சை மறுபடியும். நித்திரை, சாப்பாடு வாரக்கணக்கில் குலைந்தால் அது திட்டத்தால் தீராது. இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஏப்ரலில் மட்டும் விதி மாறும். அமெரிக்கப் பட்டமேற்படிப்பு நிறுவனங்களின் அமைப்பான கவுன்ஸில் ஒஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15 க்கு முன் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதில்லை. எனவே பலர் கடைசி நாள்வரை இரண்டு மூன்று அழைப்புகளைப் பிடித்து வைத்திருப்பார்கள். அவர்கள் விட்டதும் காத்திருப்போர் பட்டியல் அசையும். நமக்கு அது சித்திரைப் புத்தாண்டு வாரம். வீடு நிறைய உறவுகள், ‘என்ன பிள்ளை, அட்மிஷன் வந்துட்டுதோ?’ என்ற கேள்வி, வங்கிக்கு 13, 14 இல் விடுமுறை. முற்பணம் கட்ட வேண்டியிருந்தால் 10 ஆம் திகதிக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும். கிழக்குக் கரையின் ஏப்ரல் 15 இரவு 11.59, இங்கே 16 காலை 9.29. பட்டியலிலிருந்து வரும் அழைப்புக்குச் சில வேளை ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம் தருவார்கள். ஆகவே 13 முதல் 17 வரை காலை 7 மணியோடு இரவு 10 மணிக்கும் ஒரு தடவை பாருங்கள்.