200 மெகாபிக்ஸல் கேமரா ஏன் 12 மெகாபிக்ஸல் படம் தருகிறது?

விவரப் பட்டியலில் 200 மெகாபிக்ஸல் என்று போட்டிருக்கும் உயர்ரக ஃபோன் ஒன்றை எடுத்து, எந்த அமைப்பையும் மாற்றாமல் ஒரு படம் பிடியுங்கள். பிறகு கேலரியில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 4000 × 3000 என்று இருக்கும். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம், அதாவது 12 மெகாபிக்ஸல். மீதி 188 எங்கே போயிற்று?

இது ஏமாற்று வேலை இல்லை. 20 கோடி பிக்ஸல்களும் உள்ளே நிஜமாகவே இருக்கின்றன, ஒவ்வொரு படத்துக்கும் உழைக்கவும் செய்கின்றன. விளம்பரத்தைப் பார்த்து நாம் நினைத்துக்கொள்ளும் வேலை ஒன்று, அவை செய்யும் வேலை வேறொன்று. அவ்வளவுதான்.

சாம்சங் 2023-இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவையே எடுத்துக்கொள்வோம். அதன் முதன்மைக் கேமராவில் இருப்பது ஐசோசெல் எச்பி2 என்ற சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. அகலவாக்கில் 16,320 பிக்ஸல்கள், உயரவாக்கில் 12,240. ஒவ்வொன்றின் பக்கமும் 0.6 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்). கணக்குப் போட்டால் சென்சாரின் அகலம் 9.8 மில்லிமீட்டர், உயரம் 7.3 மில்லிமீட்டர். பட்டியலில் இதை 1/1.3 அங்குலம் என்று எழுதியிருப்பார்கள். 1/1.3 அங்குலம் என்றால் 19.5 மில்லிமீட்டர் வர வேண்டும். சென்சாரின் மூலைவிட்டமோ 12.2 மில்லிமீட்டர்தான். அந்தக் காலத் தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன அளவு இது. குழாய் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகியும் அளவு மட்டும் ஒழியவில்லை.

சிவப்பு ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.65 மைக்ரோமீட்டர். அதாவது, இந்தப் பிக்ஸல் தான் பிடிக்க வேண்டிய ஒளியலையைவிடவும் குறுகியது! இத்தனை சிறியதைச் செய்து முடித்ததே பெரிய சாதனைதான். ஆனால் பிக்ஸலை எவ்வளவு சிறியதாக்கினாலும், லென்ஸ் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமே. அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது.

ஒளி ஒரு துளைக்குள் நுழைந்து வரும்போது விளிம்புகளில் வளைந்து பரவும். இதைத்தான் விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்தோம். எவ்வளவு பழுதில்லாத லென்ஸாக இருந்தாலும், தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகக் குவிக்க அதனால் முடியாது. சின்னஞ்சிறு வட்டமாகத்தான் குவிக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தை அறிய, அலைநீளத்தையும் லென்ஸின் எஃப் எண்ணையும் (குவியத் தூரத்தை லென்ஸ் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது) பெருக்கி, அதை 2.44-ஆல் பெருக்கினால் போதும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரோமீட்டர், இந்தக் கேமராவின் எஃப் எண் 1.7. விடை கிட்டத்தட்ட 2.3 மைக்ரோமீட்டர். ஒரு நட்சத்திரத்தின் பிம்பமே குறுக்குவாட்டில் நான்கு பிக்ஸல்கள்மேல் படர்ந்துவிடுகிறது. வட்டத்தின் நடுப்பகுதி பிரகாசமாக இருப்பதால், இரண்டு பிக்ஸல் இடைவெளி இருந்தால் இரு நட்சத்திரங்களைச் சிரமப்பட்டுப் பிரித்துவிடலாம். அதுவும் பழுதே இல்லாத லென்ஸுக்குத்தான். ஆகவே அடுத்தடுத்த இரு பிக்ஸல்களில் வேறுவேறு செய்தி தெளிவாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

நிறத்தின் கதை இதைவிடச் சுவையானது. சென்சார் செய்யப்பட்டிருக்கும் சிலிக்கனுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். அதனால் பிக்ஸல்கள்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பொருத்துகிறார்கள். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்ற அடுக்கை கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்தார். 1976-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. சாதாரணக் கேமராவில் அடுத்தடுத்த பிக்ஸல்கள் வேறு வேறு நிற வடிகட்டியைச் சுமக்கும். எச்பி2-இல் அப்படியல்ல. நான்குக்கு நான்கு என 16 பிக்ஸல்கள் சேர்ந்து ஒரே நிற வடிகட்டியின் கீழ் இருக்கின்றன. 20 கோடியை 16-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1 கோடியே 25 லட்சம். நிறத்தைப் பொறுத்தவரை இது பிறவியிலேயே 12.5 மெகாபிக்ஸல் சென்சார்தான். 200 மெகாபிக்ஸல் படம் வேண்டும் என்று நீங்கள் அமைப்பை மாற்றும்போது, ஒவ்வொரு பிக்ஸலிலும் எந்த நிறம் இருந்திருக்கும் என்பதை அண்டை அயலாரைக் கேட்டு மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம் ஊகமே.

சரி, 16-ஐயும் ஒன்றாகச் சேர்ப்பதால் என்ன லாபம்? ஒளி ஃபோட்டான்களாக, அதாவது சிறு சிறு துகள்களாக வருகிறது. அவை ஓட்டுக்கூரைமேல் விழும் தூறல் மாதிரி, ஓர் ஓட்டுக்குக் கூடவும் இன்னொன்றுக்குக் குறையவும் விழும். ஒரு பிக்ஸலுக்குச் சராசரி 100 ஃபோட்டான் வந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. பத்து சதவீதப் பிசிறு. ஒரே சீரான சுவரைப் படம் எடுத்தாலும் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான். 16 பிக்ஸல்களைக் கூட்டினால் 1600 ஃபோட்டான். ஏற்ற இறக்கம் 40. பிசிறு 2.5 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இப்படிச் சேர்ப்பதற்குப் பெயர் பிக்ஸல் பின்னிங்.

அப்படியென்றால் ஆரம்பத்திலேயே 2.4 மைக்ரோமீட்டரில் ஒரே பெரிய பிக்ஸலாக வைத்துவிடலாமே என்று தோன்றும். இருட்டில் படம் எடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் அதுவே மேல். பல பிக்ஸல்களைத் தனித்தனியாக வாசித்துக் கூட்டும்போது, ஒவ்வொரு வாசிப்பிலும் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். ஆனால் பெரிய பிக்ஸலை வேண்டும்போது உடைக்க முடியாது. சிறிய பிக்ஸல்களை வேண்டும்போது சேர்க்கலாம், வேண்டாதபோது பிரிக்கலாம். நான்கு நான்காகச் சேர்த்து 50 மெகாபிக்ஸல் ஆக்கி, அதன் நடுவில் கால்வாசியை மட்டும் வெட்டி எடுத்தால் 12.5 மெகாபிக்ஸலில் இரு மடங்கு ஜூம் கிடைக்கும், தனி லென்ஸ் எதுவும் இல்லாமலே. ஆப்பிள் 2022-இல் ஐஃபோன் 14 ப்ரோவின் 48 மெகாபிக்ஸல் சென்சாரை வைத்துச் செய்ததும் இதே வேலைதான். அது போக, கூட்டத்தில் உள்ள பிக்ஸல்களின் இடவலப் பார்வை வேறுபாட்டை வைத்து ஃபோகஸும் செய்துகொள்ளலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், அச்சிட்ட ஒரு பக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்து 12-இலும் 200-இலும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 200-இல் எழுத்து கூடுதலாகப் படிக்கக் கிடைக்கும். பதினாறு மடங்கு அல்ல, ஏதோ கொஞ்சம். அதே பக்கத்தை இரவில் ஒற்றை விளக்கொளியில் எடுத்தால் நிலைமை தலைகீழ்: எழுத்தோரம் பிசிறும் தீற்றலுமாக இருக்கும். 200-இல் இன்னொரு சங்கடமும் உண்டு. பிக்ஸலுக்கு 10 பிட் என்று வைத்தாலும் ஒரே படத்தின் மூலத் தரவு 250 மெகாபைட் ஆகிவிடுகிறது. அதை வாசித்து முடிக்கவே நேரம் பிடிக்கும். வழக்கமான அமைப்பில் ஃபோன் பல படங்களைச் சரசரவென்று எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பிசிறைக் குறைக்கும். இங்கே அந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை.

என்னைக் கேட்டால், பட்டியலில் மெகாபிக்ஸலைத் தாண்டிப் போய் இரண்டு எண்களைத் தேடுங்கள்: சென்சாரின் பரப்பு, லென்ஸின் எஃப் எண். பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரே கோணத்தில் படம் எடுக்கும் இரு கேமராக்களில் எதற்கு ஒளி அதிகம் என்று தெரிந்துவிடும். எஸ்23 அல்ட்ராவுக்கு 72 சதுர மில்லிமீட்டர், எஃப்/1.7; விடை 25. ஷாவ்மி 2022-இல் வெளியிட்ட 12எஸ் அல்ட்ராவின் சோனி சென்சாருக்கு 128 சதுர மில்லிமீட்டர், எஃப்/1.9, விடை 35. மெகாபிக்ஸலோ வெறும் 50.

இதே கணக்கைத் தொலைநோக்கு லென்ஸுக்கும் போடலாம். எஸ்23 அல்ட்ராவில் 10 மடங்கு ஜூமுக்குத் தனி லென்ஸ் இருந்தது: 10 மெகாபிக்ஸல், எஃப்/4.9. அடுத்த ஆண்டு வந்த எஸ்24 அல்ட்ராவில் அதை எடுத்துவிட்டு, 5 மடங்கு லென்ஸை 50 மெகாபிக்ஸல், எஃப்/3.4 என்று வைத்தார்கள். பட்டியலை மட்டும் பார்த்தால் 10 என்பது 5 ஆகிவிட்டது, இறக்கம்தான். ஆனால் அந்த 50-இன் நடுவை வெட்டினாலே 12.5 மெகாபிக்ஸலில் 10 மடங்கு வந்துவிடுகிறது. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளியும் முன்பைவிட இரு மடங்கு.